வெள்ளைக்காரப் பிள்ளைகளும் எங்கள் ரெண்டு ஏக்கரும்

"தோட்டத்துக்கு ஆள் கிடைக்குதில்ல. நீங்க இணையத்துல வெளிநாட்டுப் பிள்ளைகள கூப்பிட்டு சும்மா வேலை வாங்குறீங்களாமே, எங்களுக்கும் சொல்லித் தாங்க அக்கா" என்று பசறைப் பக்கமிருந்தும் பண்டாரவளைப் பக்கமிருந்தும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே விடுகிறேன்.

ஆள் பற்றாக்குறைக்கு என்றால் வேண்டாம். கூலியாள் ஏற்பாடு என்று பார்த்தால் ஐந்துக்கு ஒரு மார்க்தான் போடுவேன். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசப் பழகும் வகுப்பு என்று பார்த்தால் நாலரை. வீட்டில் ஒரு பாட்டி இருந்து, அவருக்குப் பேச்சுத் துணை தேவையென்றால் ஐந்துக்கு ஐந்து. விருந்தாளிகளுக்கு ஆங்கிலம் தெரியும், பாட்டிக்குத் தமிழ் தெரியும், அவ்வளவுதான். ஆனால் பேச்சு மட்டும் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் ஓயாது.

எங்கள் இடத்தைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். இலங்கை மலையகத்தில், ஊவாப் பக்கம், நமுனுகுலை மலைச் சரிவில் ரெண்டு ஏக்கர். அப்பாவின் ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசையும் அண்ணன் கட்டாரில் உழைத்ததையும் சேர்த்து வாங்கியது. தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த எங்கள் ஆட்களில் சொந்தப் பெயரில் காணி உறுதி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும், அதனால் இந்த ரெண்டு ஏக்கர் எங்களுக்குப் பெரிய எஸ்டேட். மேல் பாதியில் தேயிலை. கீழ்ப் பாதியில் கிளிசரியா மரங்களில் ஏற்றிய மிளகு, கொஞ்சம் கோப்பி, கராம்பு, பட்டர்புரூட், வீட்டுக்கு வேண்டிய மரக்கறி. ஒரு மாடு, கோழிகள், மூன்று நாய்கள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஆட்டோ வரும் தூரம் கொஞ்சம், அதற்குப் பிறகு நடை. அரிசி மூட்டையானாலும் காஸ் சிலிண்டரானாலும் தோளில்தான் ஏற வேண்டும்.

கல்யாணத்துக்கு முன், வெளிநாட்டவர் குவியும் எல்ல என்ற ஊரில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்தவள் நான். ஆங்கிலம் அங்கேதான் வந்தது. இந்த மாதிரி இணையத்தளங்களைப் பற்றியும் அங்கே தங்க வந்த ஒரு பிள்ளை சொல்லித்தான் தெரியும்.

ஏற்பாடு இதுதான். பண்ணைக்காரர் தளத்தில் தன் இடத்தைப் பற்றி எழுதிப் படம் போடுகிறார். பயணம் செய்கிற ஆட்கள் வருடத்துக்கு ஒரு தொகை கட்டி உறுப்பினராகி, பிடித்த இடத்துக்கு எழுதிக் கேட்கிறார்கள். நாளுக்கு நாலைந்து மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள் வேலை. பதிலுக்குச் சாப்பாடும் தங்குமிடமும். காசு கை மாறாது. இது புதிதாக முளைத்த யோசனை இல்லை. 1971இல் இங்கிலாந்தில் சூ கோப்பார்ட் என்ற ஒரு செக்ரட்டரி, லண்டன் ஆட்கள் சனி ஞாயிறில் கிராமத்துக்குப் போய் இயற்கைப் பண்ணைகளில் கைகொடுக்கட்டும் என்று தொடங்கியதுதான் 'வூஃப்'. பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது, அதைப் பார்த்து வேறு தளங்களும் வந்தன. நாங்கள் எதில் இருக்கிறோம் என்று சொல்லப் போவதில்லை. நான் இங்கே நிறுப்பது இந்த ஏற்பாட்டைத்தான். நல்லதோ கெட்டதோ, பெரும்பாலும் எல்லாத் தளத்துக்கும் பொருந்தும்.

இனி எல்லோருக்கும் ஆசை காட்டுகிற அந்தக் கூலிக் கணக்கைப் பார்ப்போம். எங்கள் பக்கம் ஆம்பிளை ஆளுக்கு நாள் கூலி 2,500 ரூபாய்க்குக் குறைய வராது. தேத்தண்ணியும் பகல் சோறும் தனி. வெளிநாட்டுப் பிள்ளைக்குக் கூலி இல்லை. ஆனால் மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் தேத்தண்ணி, பழம், குளிக்கச் சுடுதண்ணி வைக்கும் விறகு, போன் சார்ஜ், படுக்கை விரிப்புத் துவைக்கும் சவர்க்காரம் எல்லாம் சேர்த்தால் ஒரு ஆளுக்கு 1,500 ரூபாய் பக்கம் வந்துவிடும். ஐந்து மணித்தியாலத்தில் அவர் செய்கிற வேலையை எங்கள் ஊர் ஆள் ஒன்றரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது போதாதென்று, புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் கத்தி பிடிப்பதிலிருந்து சொல்லிக் கொடுக்க எனக்கு முதல் ரெண்டு நாளும் போய்விடும். அவர் பழகி முடிக்க, அறுகம்குடாவுக்கு அலை பார்க்கப் புறப்பட்டுவிடுவார். கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று நீங்களே பாருங்கள்.

கொழுந்து விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வருகிற எல்லோருக்கும் ஒரே ஆசை, கொழுந்து பறிக்க வேண்டும். கூடையைத் தலையில் மாட்டிப் படம் எடுக்க வேண்டும். என் அம்மா பதினாறு வயதில் பேர் பதிந்து, பென்ஷன் வயது வரைக்கும் மலையில் நின்றவர். மழைக்குப் படங்கைச் சுற்றிக்கொண்டு, அட்டைக் கடியோடு, நிறை குறைந்தால் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) என்று கங்காணியிடம் கேட்டு வாங்கின வசவோடு. எங்கள் தலைமுறை அந்தக் கூடையை இறக்கி வைக்கத்தான் கொழும்புக்கும் கட்டாருக்கும் ஓடியது. இவர்கள் பத்தாயிரம் கிலோமீற்றர் பிளேன் ஏறி வந்து, "அந்தக் கூடையை எங்களுக்குக் கொஞ்சம் தருவீர்களா?" என்று கேட்கிறார்கள். அம்மாவுக்கு முதலில் இது கேலி போலத்தான் பட்டது. "படிச்ச பிள்ளைகளுக்கு இது என்னா கேடு?" என்று என்னைத்தான் திட்டினார்.

நெதர்லாந்துப் பையன் ஒருவன், ஆறடிக்கு மேல் உயரம், காலை முழுக்கக் குனிந்து பறித்துவிட்டு நிறுத்துத் தரச் சொன்னான். மூன்று கிலோவும் சொச்சமும் நின்றது. அம்மா தராசை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு அரைப் பேர் இல்ல, கால் பேரும் போட மாட்டான்" என்றார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. ஒரு நாள் பேருக்கு எத்தனை கிலோ வேண்டும், எவ்வளவு சம்பளம் என்று உட்கார்ந்து கேட்டான். 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 1,350 ரூபாயாக வந்ததையும், அதற்கு முன்னால் ஆயிரம் ரூபாய்க்காக எத்தனை வருடம் கத்த வேண்டியிருந்தது என்பதையும் சொன்னேன். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்குப் பச்சைக் கொழுந்து நாலரைக் கிலோ வேண்டும் என்றும் சொன்னேன். தன் ஊர்க் கடையில் ஒரு கோப்பைத் தேநீர் என்ன விலை என்று மனதுக்குள் கணக்குப் போட்டவன் முகம் போன போக்கை அம்மா இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்.

இது ஒரு பக்கம். மறுபக்கம், அவன் பறித்த மூன்று கிலோவில் பாதி முற்றல் இலை, காம்பு, வங்கி என்கிற வளர்ச்சி நின்ற இலை. கொழுந்து லொறிக்காரர் கையை விட்டுக் கிளறிப் பார்த்துவிட்டு, என் நல்ல கொழுந்துக்கும் சேர்த்து நிறையில் கழிவு போட்டார். அதனால் இப்போது வீட்டை ஒட்டிய ஒரே ஒரு நிரையைத்தான் அவர்களுக்கு விட்டிருக்கிறேன். அங்கே பறிப்பது லொறிக்குப் போகாது. அதை அடுப்பில் வாட்டி, கையால் கசக்கி, வெயிலில் காய வைத்துத் தாங்களே தேத்தண்ணி போட்டுக் குடிக்கட்டும். அவர்களுக்கும் சந்தோஷம், எனக்கும் கழிவில்லை. தேயிலை வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றையாவது கட்டாயம் செய்யுங்கள்.

அப்படியானால் எந்த வேலைக்குத்தான் இவர்கள் உதவுவார்கள்? அவரவர் கையில் ஏற்கெனவே ஒரு தொழில் இருந்தால் அந்த வேலைக்கு. எங்களுக்கு வாய்த்ததில் பெரிய லாபம் ஜேர்மன்காரர் ஒருவர். ஊரில் பிளம்பராம். எங்கள் வீட்டுக்குத் தண்ணி மேலே ஊற்றிலிருந்து குழாயில் தானாக இறங்கி வருகிறது. மழைக்காலத்தில்கூட நூல் மாதிரித்தான் விழும். ஊற்றில் தண்ணி குறைவு என்றே நாங்கள் வருடக்கணக்காக நினைத்திருந்தோம். அவர் வந்த அன்று பின்னேரமே குழாய்ப் பாதை முழுக்க நடந்து பார்த்தார். நடுவில் ஒரு பாறையின் மேல் குழாய் மேடேறி மறுபடி இறங்குகிறது. அந்த மேட்டில் காற்று அடைபட்டு நிற்கிறது, தண்ணியை அதுதான் மறிக்கிறது என்றார். பசறைக் கடையில் ஒரு T வடிவ மூட்டும் சின்ன வால்வும் வாங்கி வந்து, மேட்டின் உச்சியில் பொருத்தித் திறந்துவிட்டார். புஸ் என்று காற்று வெளியேறிய சத்தத்தை நாங்கள் எல்லோரும் நின்று கேட்டோம். பின்னேரம் வாளி நிறையும் வேகத்தைப் பார்த்து அம்மா அவருக்கு முட்டை ரெண்டு கூடுதலாகப் பொரித்தார். மொத்தச் செலவு ஆயிரம் ரூபாய்க்கு உள்ளேதான்.

கல் அடுக்குவதும் அவர்களுக்கு நன்றாக வருகிறது. எங்கள் நிலம் சரிவு. கல்லணை சரிந்த இடத்தில் மண் வழிந்தோடிவிடும். இந்த வேலைக்கு ஊரில் கேட்டால் யாரும் வரமாட்டார்கள், வந்தாலும் கொந்தராத்து பேசுவார்கள். ஒரு பிரெஞ்சு ஜோடி, பொறுமையாக, ஒரு கல்லைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து, ரெண்டு கிழமையில் ஒரு நீளம் கட்டி முடித்தது. இன்றைக்கு வரை அசையவில்லை. நாற்றுப் பைக்கு மண் நிரப்புவது, மிளகு காய வைக்கும்போது காம்பு பொறுக்குவது, கோழிக் கூட்டுக்கு வலை அடிப்பது இதெல்லாமும் பரவாயில்லை. சரிவில் புல் வெட்டச் சொல்லாதீர்கள். கத்தி கையிலிருந்து நழுவினால் எங்கே போய் விழும் என்று இவர்களுக்குத் தெரியாது. ஒரு பையன் களை என்று நினைத்துப் புதிதாக நட்ட மிளகுக் கொடிகளை வேரோடு பிடுங்கி, அழகாகக் கட்டுக் கட்டி வைத்திருந்தான். அவனைத் திட்டவும் மனம் வரவில்லை, அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தான்.

வீட்டுக்குள் நடந்ததுதான் எனக்கு எதிர்பாராதது. தொடக்கத்தில் வெள்ளைக்காரப் பிள்ளை இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) கால் வைத்தால் அம்மா எழுந்து நின்றுவிடுவார். அறுபது வருடப் பழக்கம். துரை வந்தால் உட்கார்ந்திருக்கக் கூடாது. "தொரைமாரு மாதிரி இருக்குற பிள்ளைகள சட்டி கழுவ வுடுறியே, பாவம் புடிக்கும்டி" என்று அவர்கள் கையிலிருந்து பாத்திரத்தைப் பிடுங்குவார். ஒப்பந்தத்தில் சாப்பிட்ட தட்டைக் கழுவுவதும் உண்டு என்று நான் சொன்னால் காதில் விழாது. இது மாறக் கொஞ்சக் காலம் பிடித்தது. யார் மாற்றினார் என்றால் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு வயதான அம்மா, ஓய்வு பெற்ற நேர்ஸ். அவர் அடுப்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வெங்காயம் உரித்து, அம்மாவின் முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். ரெண்டு பேருக்கும் ஒரு வயதுதான்.

அந்த நேர்ஸ் அம்மா ஒரு ராத்திரி, நீங்கள் இந்தியாவிலிருந்து எப்போது வந்தீர்கள் என்று கேட்டார். நான் இங்கேதான் பிறந்தேன், என் அம்மாவும் இங்கேதான் பிறந்தாள் என்றார் அம்மா. பிறகு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தக் கதை. 1964இல், எங்கள் ஆட்களில் பெரும் பகுதியை இந்தியாவுக்கு அனுப்புவதென்று ரெண்டு நாட்டுத் தலைவர்களும் கையெழுத்துப் போட்டார்கள், எங்கள் அக்கா குடும்பத்தைத் தலைமன்னாரில் கப்பலேற்றினோம், கூடலூர்ப் பக்கம் போய் மறுபடி தேயிலைதான் பறித்தாள், பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவே இல்லை. நான் பாதி மொழிபெயர்த்தேன், மீதிக்கு எனக்கே ஆங்கிலம் வரவில்லை. என் பெரியம்மா பெயரைக்கூட அன்றைக்குத்தான் நான் முழுதாகக் கேட்டேன். நாங்கள் கேட்காததை வெளியாள் ஒருவர் வந்து கேட்க வேண்டியிருந்தது. இப்போது அம்மா யாருக்கும் எழுந்து நிற்பதில்லை. "ஏய் தம்பி, வெறகு கொண்டாந்து போடு" என்று தமிழிலேயே ஏவுகிறார், அவர்களும் கொண்டுவந்து போடுகிறார்கள். என் பிள்ளைகளைப் பார்த்து அவர்களும் அவரை அம்மாயி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மகளுடைய ஆங்கிலம்தான் நான் கைமேல் கண்ட பலன். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடத்துக்கு நல்ல புள்ளி எடுப்பாள், ஆனால் வாய் திறக்க மாட்டாள். பிழை விட்டால் சிரிப்பார்களே என்ற பயம். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் பிழை பிழையாக, கூச்சமே இல்லாமல் பேசுவதைப் பார்த்துத்தான் இவளுக்குத் துணிவு வந்தது. பதுளையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் கட்டும் காசையும் பஸ் காசையும் அலைச்சலையும் கணக்கில் எடுத்தால், மேலே சொன்ன சாப்பாட்டுச் செலவு எனக்கு வலிக்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் பயப்பட வேண்டாம். வீகன் (இறைச்சி, மீன், பால், முட்டை எதுவும் ஆகாது) என்று எழுதிவிட்டு வருகிறவர்கள்தான் எங்களுக்குச் சுலபம். சோறு, பருப்பு, தேங்காய்ப்பால் விட்ட போஞ்சி, பலாக்காய்க் கறி, கீரை, எல்லாம் அவர்களுக்கு ஆகும். மாசிக் கருவாடு போடாமல் சம்பல் இடித்தால் போதும். கோதுமை ஆகாது என்பவர்கள் வந்தால் காலைச் சாப்பாடு கஷ்டம், ஏனென்றால் எங்கள் வீட்டில் காலை என்றால் ரொட்டியும் கட்டசம்பலும்தான். உறைப்பைக் குறைக்க வேண்டாம், தனியாக வையுங்கள். மூன்றாவது நாள் அவர்களே எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணிதான். கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணியை ஒரு போத்தலில் தனியாக வையுங்கள்.

கக்கூஸ் பற்றி முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். உட்காரும் பேஸின் இல்லை, தண்ணி வாளிதான், கடதாசி பாவித்தால் தனிக் கூடையில் போட வேண்டும் என்று. நாங்கள் படமே போட்டிருக்கிறோம். பாதிப் பேர் அதோடு விலகிவிடுவார்கள், மீதிப் பேர்தான் நமக்குத் தேவையானவர்கள். அட்டைக் கடியையும் எழுதுங்கள். அட்டைக்கு உப்பு, சவர்க்காரம், நீளக் காலுறை எல்லாம் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் முதல் அட்டையைப் பார்த்து வரும் அலறலை ஒன்றும் செய்ய முடியாது, கீழ் வீட்டு நாய்கூடக் குரைக்கும்.

நாய் என்றதும் ஞாபகம் வருகிறது. இவர்கள் கண்ட நாயையெல்லாம் தடவுவார்கள். குரங்குக்கும் கையால் வாழைப்பழம் நீட்டுவார்கள். விசர்நாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டு வந்தீர்களா என்று வரும் முன்பே கேளுங்கள். எங்கள் நாய்களுக்கு நாங்கள் வருடாவருடம் ஊசி போடுகிறோம், அந்த ஊசிப் பதிவு அட்டையையும் காட்டுவேன். கடித்துவிட்டால் யோசிக்காமல் அரசாங்க வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள், ஊசிக்குக் காசு இல்லை. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸும் இலவசமாக வரும். ஆனால் எங்களுடையதைப் போன்ற இடத்தில் அம்புலன்ஸ் றோட்டில்தான் நிற்கும், அதுவரை ஆளைத் தூக்கிப் போவது யார் என்று முன்பே யோசித்து வைக்க வேண்டும். பயணக் காப்புறுதி இல்லாதவர்களை நான் எடுப்பதில்லை.

சட்டப் பக்கத்தைப் பெரும்பாலானோர் பேசவே விரும்புவதில்லை, தளங்களும் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் போட்டுவிட்டுக் கை கழுவிவிடுகின்றன. இலங்கைக்குச் சுற்றுலா விசாவில் வருகிறவர் சம்பளத்துக்கோ சம்பளம் இல்லாமலோ எந்த வேலையும் செய்யக் கூடாது என்பது நிபந்தனை. 'சம்பளம் இல்லாமலோ' என்பதைக் கவனியுங்கள். காசு கொடுக்கவில்லையே, சாப்பாடுதானே என்ற வாதம் அங்கே எடுபடாது. கேட்டு எழுதுகிறவர்களிடம், பத்தரமுல்லையில் இருக்கும் குடிவரவுத் திணைக்களத்தில் எந்த விசா பொருந்தும் என்று விசாரித்துவிட்டு வாருங்கள் என்றுதான் இப்போது முதல் வரியே எழுதுகிறேன். சுற்றுலா விசாவில் வர விரும்புகிறவர்களைக் காசு கட்டித் தங்கும் விருந்தாளியாக மட்டும் எடுக்கிறோம், மண்வெட்டி கொடுப்பதில்லை. அவர்கள் அம்மாயியோடு அடுப்படியில் உட்காரலாம், மலையைச் சுற்றிப் பார்க்கலாம். இந்த வழியில் போக விரும்புகிறவர்கள் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் ஹோம்ஸ்டே பதிவு இருக்கிறது, அதைப் பாருங்கள். யார் தங்குகிறார் என்பதைக் கிராம சேவகருக்கும் சொல்லி வைப்போம். மலை முழுக்கத் தெரிந்த விஷயம் அவருக்கு மட்டும் ஏன் தெரியாமல் இருக்க வேண்டும்?

ஊர் வாய் பற்றியும் சொல்ல வேண்டும். தனியாக வருகிற பெண் பிள்ளைகளை அம்மாவின் அறைக்குப் பக்கத்து அறையில்தான் படுக்க வைக்கிறோம். பீலியில், அதாவது ஊற்றுத் தண்ணி விழும் இடத்தில், குளிக்கும்போது என்ன உடுத்த வேண்டும் என்று வந்த அன்றே நான் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன், ஒரு சீத்தைத் துணியும் கொடுப்பேன். யாரும் கோபித்ததில்லை, சொல்லாமல் விட்டால்தான் அவர்களுக்குச் சங்கடம். பையன்கள் விஷயத்தில் தொல்லை வேறு. ஊர்ப் பொடியன்கள் கள்ளுக்கும் சாராயத்துக்கும் கூட்டிப் போய்விடுவார்கள். கஞ்சா பற்றிப் பேச்சு எடுத்தாலே பெட்டியைக் கட்டு என்று எங்கள் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மாசி மாதம் காமன் கூத்துக்கு வந்திருந்த ஒரு ஸ்பெயின் பையன் மட்டும் விதிவிலக்கு. தப்பு மேளம் அடிக்கிறவர்களோடு விடிய விடிய நின்று, ஊரே அவனைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டது. அவன் வேலையில் சோம்பேறி. ஆனாலும் இன்றைக்கு வரை ஊரில் விசாரிப்பது அவனைத்தான்.

தளத்தின் சேவையைப் பற்றி: பதிவு சுலபம், போனிலேயே முடித்துவிடலாம், பண்ணைக்காரருக்குக் கட்டணம் இல்லை. பிறகுதான் வெள்ளம். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புகிறவர்கள் அதிகம். "உங்கள் கடற்கரை மிக அழகு" என்று எனக்கு வந்திருக்கிறது, நமுனுகுலை ரெண்டாயிரம் மீற்றருக்கு மேல்! அதனால் எங்கள் பக்கத்தின் நடுவில் ஒரு கேள்வி போட்டிருக்கிறேன்: உங்கள் கைக்குத் தெரிந்த வேலை என்ன, யாரிடம் பழகினீர்கள்? அதற்குப் பதில் இல்லாத கடிதத்துக்கு நானும் பதில் எழுதுவதில்லை. போனில் முகம் பார்த்துப் பேசாமல் யாரையும் வரச் சொல்வதுமில்லை. அந்தப் பேச்சுக்கே எங்கள் சிக்னல் போதாது என்பதால், நான் பாறைக்கு ஏறித்தான் பேச வேண்டும். இங்கே இணையம் எப்படி என்று அவர்களுக்கும் அதிலேயே விளங்கிவிடும்.

விமர்சன முறையில் ஒரு அநியாயம் இருக்கிறது. ரெண்டு பக்கமும் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதலாம் என்கிறார்கள், நியாயம்தான். ஆனால் அவர்களுக்கு அடுத்த நாடு இருக்கிறது, எங்களுக்கு இந்த ஒரு பக்கம்தான். வீடியோ எடுக்கவே வந்த ஒரு பிள்ளை, காலையில் வேலைக்கு எழும்பாமல், மாட்டோடும் அம்மாவோடும் மட்டும் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அம்மாவை எடுக்கும் முன் கேள் என்று சொன்னதற்கு, போன பிறகு 'வைஃபை மோசம், வீட்டார் கண்டிப்பு' என்று எழுதிவிட்டது. வைஃபை இல்லை என்று நாங்கள் மேலேயே போட்டிருந்தோம். தளத்துக்கு எழுதினேன். பொதுவான ஒரு பதில், நன்றியோடு, பல நாள் கழித்து வந்தது. அதற்குப் பிறகு வந்த நல்ல விமர்சனங்கள் அதைக் கீழே தள்ளிவிட்டன, ஆனாலும் புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதலாவதே இப்படி விழுந்தால் எழும்புவது கஷ்டம். முதல் ரெண்டு மூன்று பேரைத் தெரிந்த ஆள் மூலமாக எடுங்கள்.

எல்ல பக்கத்தில் இருப்பது வரமும் சாபமும். வருகிறவர்கள் ஒன்பது வளைவுப் பாலத்தையும் தெமோதரை ரயில் பாதைச் சுற்றையும் பார்க்காமல் போகமாட்டார்கள், அதற்காகவே எங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். லீவு நாளில் எல்ல பசறை பஸ்ஸில் போய் வந்துவிடலாம். ஆனால் அங்கே ஒரு பீட்சாவைக் கண்டுவிட்டால், மறுநாள் எங்கள் ரொட்டியின் மேல் பிரியம் குறைந்துவிடும். வெலிமடை, ஊவா பரணகமப் பக்கம் மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இராது. அங்கே வருகிறவர்கள் வேலைக்காகவே வருவார்கள் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, காலம். இதை மட்டும் தளம் உங்களுக்குச் சொல்லித் தராது. எங்கள் ஊவாப் பக்கத்துக்கு வடகீழ் மழைதான் பெரிய மழை. ஒக்டோபரில் பிடித்தால் ஜனவரி வரை விடாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மேல் மலை சரிந்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள் மண்சரிவு எச்சரிக்கை போட்டாலே நாங்கள் பையைக் கட்டி வைக்கிற ஆட்கள், சிவப்பு என்றால் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிடுவோம். நம் பிள்ளைகளைப் பார்ப்பதா, அடுத்தவர் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதா? அந்த நாலு மாதமும் எங்கள் நாள்காட்டியில் 'ஆள் எடுப்பதில்லை'தான். யார் எவ்வளவு கெஞ்சினாலும் திறப்பதில்லை. தளம் உங்கள் பட்டியல் பின்னுக்குப் போகிறது என்று மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டேயிருக்கும், அனுப்பட்டும். பெப்ரவரியில் மண் ஈரமாக, நாற்று நட வசதியாக இருக்கும்போது திறந்துவிடுங்கள். கச்சான் காற்று அடிக்கும் ஜூலை, ஓகஸ்டில் கல் வேலைக்கும் குழாய் வேலைக்கும் ஆள் கேளுங்கள். பிளம்பர் யாராவது எழுதினால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், கீழ்த் தொட்டிக்கு இன்னொரு குழாய் இழுக்க வேண்டியிருக்கிறது.